இ-டெண்டர் வந்த பிறகு ராமநாதபுரம் கரையில் என்ன மாறியது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டெண்டர், பில், நிவாரணம் எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது, இனிமேல் கமிஷனுக்கு இடமே இல்லை என்று ஆபீசில் சொல்கிறார்கள். எல்லாம் கண்துடைப்பு என்கிறார் என் மச்சான். அவர் பல வருஷம் காண்ட்ராக்ட் எடுத்தவர். யார் சொல்வது சரி? அப்புறம், எங்கள் ஊர்ப் பெண்கள் குழு பனையோலைப் பொருள் செய்கிறது. அதை அரசுக்கு விற்க இந்த ஆன்லைனில் வழி உண்டா?"

தம்பி, உங்கள் மச்சான் சொல்வதில் முக்கால் பங்கு கோபம். மீதிக் கால் பங்கில்தான் விஷயம் இருக்கிறது. நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்குப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டி டெண்டரையும் பார்த்திருக்கிறேன், கம்ப்யூட்டர் டெண்டரையும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெட்டிக் காலத்தை உங்கள் வயசுக்காரர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கடைசி நாள் மதியம் மூன்று மணி வரை ஆபீஸ் வாசலில் வண்டிகள் நிற்கும். உள்ளே அரக்கு முத்திரை வைத்த பெட்டி. வெளியே, யார் கையில் கவரோடு வருகிறார்கள் என்று பார்க்க ஓர் ஆள். புது முகம் தெரிந்தால் டீக்கடைக்குக் கூட்டிப்போய், "அண்ணே, இந்தத் தடவை நமக்கு விடுங்க, அடுத்தது நீங்க பாருங்க" என்பார்கள். கேட்காவிட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். அதற்கும் முந்தின கட்டம் ஒன்று உண்டு: டெண்டர் படிவம் வாங்கப் போனால், தீர்ந்துபோச்சு என்று பதில் வரும்.

இத்தனைக்கும் சட்டம் அப்போதே இருந்தது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998-ல் வந்தது, அதன் விதிகள் 2000-ல் வந்தன. டெண்டரை அரசின் டெண்டர் இதழில் போட வேண்டும், 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும், முடிவில் குறை இருந்தால் 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று எல்லாம் எழுதியிருந்தது. மாவட்ட டெண்டர் இதழை யார் பார்த்தார்கள்? பார்க்க வேண்டியவர்களுக்கு அச்சாகும் முன்பே தெரியும், மற்றவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

இணையதளம் உடைத்தது இந்த வாசலைத்தான். தேசிய தகவல் மையம் செய்த மென்பொருளில் நம் மாநில டெண்டர் தளம் ஓடுகிறது. 2023 ஏப்ரலிலிருந்து அரசுக் கொள்முதலுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். படிவத்தை வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். யார் போட்டிருக்கிறார்கள் என்பது திறக்கும்வரை யாருக்கும் தெரியாது. தொண்டியில் ஒரு கால்வாய் வேலைக்குத் தூத்துக்குடிக்காரர் போட்டால் அவரைத் தடுக்க டீக்கடையால் முடியாது.

இது என் நினைப்பு மட்டும் இல்லை. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் வெவ்வேறு மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் மின்டெண்டருக்கு மாறின. அதை வைத்துப் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2016-ல் வெளிவந்தது. அரசு கொடுக்கும் விலை குறையவில்லை, ஆனால் ரோட்டின் தரம் கூடியது. வெளியூர் ஒப்பந்தக்காரர்கள் ஜெயிப்பதும் கூடியது. "இத்தனை கோடி மிச்சம்" என்று மேடையில் பேசுபவர்கள் இந்த முடிவைச் சொல்வதில்லை. எனக்கென்னவோ, ரோடு நன்றாக இருப்பதே பெரிய மிச்சம்தான்.

சரி, உள்ளே அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் மச்சானின் கோபமும் புரியும். டெண்டர் போட மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். பென் டிரைவ் மாதிரி இருக்கும், டோக்கன் என்பார்கள். முன்வைப்புத் தொகையை, அதாவது டெண்டர் போடுபவர் முன்பணமாகக் கட்டும் டெபாசிட்டை, நெட் பேங்கிங்கிலோ ஆர்.டி.ஜி.எஸ்-சிலோ கட்ட வேண்டும். தகுதிக்கான ஆவணங்கள் ஓர் உறை, விலை இன்னோர் உறை. விலையை அவர்கள் கொடுத்த எக்செல் கோப்பில், அவர்கள் விட்டிருக்கும் கட்டத்தில் மட்டும் எழுத வேண்டும். கோப்பின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் தளம் வாங்காது. எல்லாம் ஏற்றிய பிறகும் வேலை முடியவில்லை. கடைசியில் "ஃப்ரீஸ்" என்று ஒரு பட்டன் வரும், அதை அழுத்தி ரசீது வந்தால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. அதை அழுத்தாமல், கோப்பு ஏறிவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. நேரமும் நம் கடிகாரத்து நேரம் இல்லை, பக்கத்தின் மேலே ஓடும் சர்வர் நேரம்தான். மூன்று மணி என்றால் மூன்று மணி. பாம்பனில் காற்று அடித்துக் கரண்ட் போனது என்று சொல்லி ஐந்து நிமிஷம் கேட்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதனால்தான் முதல்நாளே போட்டுவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். முடியும் நேரம் வரை விலையை மாற்றித் திரும்பப் போடலாம்.

ஆக, பெட்டி இருந்த இடம் சுத்தமாகிவிட்டது. ஆனால் கொள்முதல் என்பது பெட்டி மட்டுமா? பெட்டிக்கு முன்னால் எஸ்டிமேட் இருக்கிறது, பின்னால் எம் புக், அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு, இருக்கிறது. நம் கரையில் பணம் கரைவது பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான்.

எஸ்டிமேட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் எஸ்டிமேட் போட ஆரம்பித்ததும் ஒரு வசதி வந்தது, பழைய கோப்பைத் திறந்து ஊர்ப் பெயரை மாற்றிச் சேமித்துவிடலாம். பரமக்குடிப் பக்கம் போட்ட வடிகால் எஸ்டிமேட், ஊர் மட்டும் மாறி மண்டபத்துக்கு வரும். பரமக்குடி உள்நாடு. இங்கே உப்புக்காற்று. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலைக் "கடுமையானது" என்ற வகையில் வைக்கிறது. அந்த வகையில் கம்பி கட்டிய கான்கிரீட் குறைந்தது எம்-30 தரத்தில் இருக்க வேண்டும் (எண் கூடக் கூட உறுதி கூடும்), கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட் விட வேண்டும். அலைச்சாரல் நேராகப் படும் இடமென்றால் எம்-35. எஸ்டிமேட்டில் எம்-20 என்று இருந்தால் தளம் அதைத்தான் ஒழுங்காக டெண்டர் விடும். பத்துப் பேர் நேர்மையாகப் போட்டி போடுவார்கள், குறைந்த விலைக்காரருக்கு வேலை போகும், காகிதத்தில் ஒரு குறையும் இருக்காது. சில மழைக்காலம் போனதும் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் பிளந்துகொண்டு வரும். பார்ப்பவர்கள், "சிமெண்டை அடிச்சுட்டான்யா" என்று காண்ட்ராக்டரைத் திட்டுவார்கள். அவர் எழுதியபடிதான் கட்டியிருப்பார்!

தெருவிளக்குக் கம்பமும் அப்படித்தான். துத்தநாகப் பூச்சு எத்தனை மைக்ரான் என்று கேட்காத டெண்டரில், பூச்சே பேருக்கு இருக்கும் கம்பம்தான் குறைந்த விலையில் ஜெயிக்கும். வலைக்கண் அளவுக்குத்தானே மீன் நிற்கும்? மென்பொருளும் எழுதியதை மட்டும்தான் சோதிக்கும்.

சரி, வேலை முடிந்தது. இப்போது எம் புக். நீளம், அகலம், ஆழம் அளந்து ஓவர்சியர் எழுதி, பொறியாளர் சரிபார்த்தால்தான் பில். பில் ஆன்லைனில் போகிறது, பணம் நேராகக் கணக்கில் விழுகிறது. முன்னே மாதிரி செக் வாங்க மேசை மேசையாக நிற்க வேண்டியதில்லை, அது உண்மையான மாற்றம். ஆனால் மண்ணுக்கு அடியில் போன 15 செ.மீ. ஜல்லியை 20 என்று எழுதினால் எந்த சர்வருக்குத் தெரியும்? மச்சான் கண்துடைப்பு என்று சொல்வது இந்த இடத்துக்குப் பொருந்தும்.

கூட்டுச் சேர்ந்து போடுவதும் முழுக்க ஒழியவில்லை. டீக்கடையில் நடந்தது வாட்ஸ்அப்புக்குப் போயிருக்கிறது. ஒரே ஆள் மூன்று கம்பெனி பெயரில் போடுவதும் உண்டு. ஒரு வித்தியாசம், இப்போது தடம் விழுகிறது. புனே மாநகராட்சியின் திடக்கழிவு பதப்படுத்தும் ஆலை டெண்டர்களில் போட்டியாளர்களாக வந்த கம்பெனிகள் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பிலிருந்து, டெண்டர் போட்டதை ஆதாரங்களில் ஒன்றாக வைத்து, 2018-ல் இந்தியப் போட்டி ஆணையம் கூட்டுச்சதி என்று தீர்ப்புச் சொன்னது. கவர் காலத்தில் இப்படி ஒரு ஆதாரம் கிடைத்திருக்காது. தளமே கறைபடுவதும் நடக்கக்கூடியதுதான். மத்தியப் பிரதேசத்தில் மாநிலக் கொள்முதல் தளத்திலேயே விலைகள் திருத்தப்பட்டதாக 2018-ல் புகார் எழுந்து, மறு ஆண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. அங்கேயும் சந்தேகத்தைக் கிளப்பியது கம்ப்யூட்டர் பதிவுதான்.

டோக்கன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் யாரும் வாய் திறப்பதில்லை. அந்தக் கையொப்பம் ஒரு ஆளின் பேருக்குத்தான் கொடுக்கப்படுகிறது. அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு என்று 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது. நடப்பது என்ன? சின்னக் காண்ட்ராக்டர்களின் டோக்கன் பிரவுசிங் சென்டர் மேசை டிராயரில், ரப்பர் பேண்ட் போட்டு, பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிக் கிடக்கும். ஊராட்சியிலும் அதே கதைதான். நம் மாநிலத்தில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம். தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிப் பணம் வெளியே போகும். செக் காலத்தில் வீட்டுக்காரர் சொன்னாலும், கையெழுத்துக்குத் தலைவராக இருக்கும் அம்மாவிடம் வந்தே ஆக வேண்டும். காகிதத்தை அவர் ஒரு தடவையாவது கண்ணால் பார்ப்பார். டோக்கன் வந்த பிறகு சில இடங்களில் அதுவும் நின்றுபோனது. 2025 ஜனவரியில் நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தேர்தல் நடந்து புதிதாக வரும் தலைவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அம்மா, டோக்கனை வீட்டுச் சாவியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்முதலை விட்டு மற்ற நிர்வாகத்துக்கு வந்தால் கணக்கு வேறு மாதிரி. பணப் பட்டுவாடாவில் டிஜிட்டல் நல்ல பலன் தந்திருக்கிறது, இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பீகாரில் 2012-13-ல் சில மாவட்டங்களில் நூறு நாள் வேலைக்கான நிதியை, முன்கூட்டி அனுப்பாமல், வேலை செய்தவர் விவரத்தைக் கணினியில் ஏற்றிய பிறகே விடுவது என்று மாற்றிப் பார்த்தார்கள். செலவு 24 சதவீதம் குறைந்தது. ஆனால் மக்களுக்குக் கிடைத்த வேலை குறைந்ததாகக் கணக்கெடுப்பில் தெரியவில்லை. அந்த 24 எங்கே போய்க்கொண்டிருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் மீன்பிடித் தடைக்காலத்தை எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த நிவாரணத்தை 8,000 ஆக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். அது இப்போது வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது, இடையில் கை நீட்ட ஆள் இல்லை. ஆனால் பெயர் ஒத்துப்போக வேண்டுமே! நம் கரையில் அந்தோணி, ஆரோக்கியம், சேகு, செய்யது என்று ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ரேஷன் கார்டில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பாஸ்புக்கில் இரண்டும் இல்லை. கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள். முன்பு, "இது நம்ம சேசு மகதான்" என்று எழுத்தரே தெரிந்து சரி செய்வார். அந்தத் தெரிந்த முகம் போனதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தடைக்காலம் தொடங்கும் முன்பே மூன்று அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, கார்டுகளை இ-சேவை மையத்திலும் பாஸ்புக்கை வங்கியிலும் திருத்திக்கொள்வது உத்தமம். ஜூன் மாதம் இ-சேவை மையத்துக்குப் போனால் கூட்டத்தில் நாள் போய்விடும்.

நூறு நாள் வேலையில் கைப்பேசிச் செயலி வழியாக வருகைப் பதிவை 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ. கண்மாய்க்குள் சிக்னல் இல்லாமல், வெட்டிய மண்ணை விட்டுவிட்டுக் கரைமேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்த பணித்தளப் பொறுப்பாளர்களை எத்தனையோ பார்த்தாயிற்று. போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படம் போடுகிறார்கள் என்று 2025-ல் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. வேலைக்கு வந்தவருக்கு அலைச்சல், வராதவருக்கு ஒரு போட்டோ போதும். மேற்பார்வைக்குப் போக வேண்டியவர் போகாமல் இருக்கச் செயலி ஒரு சாக்காகிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

உங்கள் ஊர் வேலையை நீங்களே பார்க்க வழி இருக்கிறது. டெண்டர் தளத்தில் கணக்குத் தொடங்காமலே முடிவுகளைப் பார்க்கலாம்: எத்தனை பேர் போட்டார்கள், யார் எவ்வளவு, யாரைத் தகுதியில்லை என்று தள்ளினார்கள். ஒரே மூன்று பேர் மாறி மாறி வருகிறார்களா, எஸ்டிமேட்டுக்கு ஒட்டினாற்போலவே விலை நிற்கிறதா என்று கவனியுங்கள். இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிக்கு வந்ததும் செலவானதும் இருக்கும். அதை அச்செடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள், வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கிறது. எஸ்டிமேட்டும் எம் புக் பக்கமும் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் கட்டிக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று, அந்தச் சட்டத்தில் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுத்துக்கொள்ளவும்கூட உரிமை இருக்கிறது. கம்பத்தின் பூச்சைச் சோதிக்க அது போதும்.

இனி பனையோலை. மத்திய அரசு அலுவலகங்கள் வாங்குவதற்கென்று ஜெம் என்ற சந்தைத் தளம் 2016-ல் வந்தது. 2017 பொது நிதி விதிகள் அதைக் கட்டாயமாக்கின. சின்னத் தொகைக்கு டெண்டர் இல்லாமல் நேராகவே வாங்கலாம். விதி வந்தபோது அந்த வரம்பு 50,000 ரூபாய், பிறகு மாற்றினார்கள். நம்மைச் சுற்றியே எத்தனை மத்திய அலுவலகங்கள், பாருங்கள்: உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கடற்பாசி ஆராய்ச்சி நிலையம், அப்புறம் ரயில்வே, தபால் துறை. கருத்தரங்கு நடந்தால் அவர்களுக்குக் கோப்பு உறை வேண்டும், விருந்தினருக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும். ஓலைப் பெட்டிக்கும் ஓலை உறைக்கும் அங்கே இடம் உண்டு. சுய உதவிக் குழுப் பொருளுக்கென்று ஜெம்மில் "சரஸ்" என்று தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். மத்தியக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து, அதற்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்றும் ஆணை இருக்கிறது. மாநில அரசின் பக்கம் மகளிர் திட்டத்தின் "மதி" பெயரில் விற்கலாம். அதற்கு ராமநாதபுரம் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

முதலில் உத்யம் பதிவு செய்யுங்கள், சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு அது. பதிவு இலவசம், யாராவது 500, 1,000 கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். படத்தை நல்ல வெளிச்சத்தில் எடுங்கள், அளவைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள், "கையால் முடைந்தது, குருத்தோலை" என்று தெளிவாகப் போடுங்கள். அப்படிப் போடாவிட்டால் மிஷினில் செய்த அட்டைப்பெட்டிக்காரரோடு உங்களை ஒரே வரிசையில் நிறுத்தி, குறைந்த விலைக்காரரைத் தளம் எடுத்துக்கொடுக்கும். பெரிய ஆர்டரைப் பார்த்து மயங்காதீர்கள். ஓலை எப்போதும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை, மழை நாளில் காயாது. சொன்ன தேதி தவறினால் தளத்தில் உங்கள் மதிப்பெண் இறங்கும், அதை ஏற்றுவது கஷ்டம்.

பணம் வருவதில்தான் பொறுமை வேண்டும். பொருளை ஏற்றுக்கொண்டதாகச் சான்று போட்ட 10 நாளில் பணம் என்பது ஜெம் விதி. சான்று போடுவதில்தான் இழுப்பார்கள். அதற்கு 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் கைகொடுக்கும். பொருள் கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், வந்து இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும், தாண்டினால் வட்டி. இந்த உரிமை உத்யம் பதிவு வைத்திருப்பவருக்குத்தான். ஆகையால் ஆட்டோவில் பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கும்போதே டெலிவரி சலானில் எண்ணிக்கை, தேதி, வாங்கியவர் கையெழுத்து, ஆபீஸ் முத்திரை நான்கையும் வாங்கிவிடுங்கள். "நாளைக்கு வாங்க, சார் லீவு" என்று சொன்னாலும், பெட்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.